அந்துப்பூச்சி உட்காரும் விதம்

பூவில் உட்கார்ந்திருந்த 'பருந்து' வகை அந்துப்பூச்சி ஒன்றைப் பார்த்துக் கேமரா அலுத்துக்கொண்டது.

"ஏம்மா, இறக்கையை இப்படிப் பின்னால் மடக்கினால் படம் எப்படி எடுப்பது? பூச்சிப் படப் புத்தகத்தில் இருக்கிறவளைப் பார், எவ்வளவு இயல்பாக விரித்திருக்கிறாள்."

"அவள் செத்தவள் அண்ணே. ஊசி குத்தி, இறக்கையை இழுத்து விரித்து வைத்துத்தான் வரைந்தார்கள். உயிரோடு இருக்கிற நாங்கள் இப்படித்தான் உட்காருவோம்."

"நூறு வருஷத்துப் புத்தகம். உனக்கு அதைவிடத் தெரியுமோ?"

"நான் அந்துப்பூச்சி. எனக்குத் தெரியாதா?"

கேமரா குளிர்பெட்டியைக் கூப்பிட்டது. "இவளைக் கொஞ்ச நேரம் உள்ளே வை. வாய் அடங்கட்டும்."

குளிர்பெட்டி திறந்தபோது மூச்சும் அடங்கியிருந்தது. இறக்கைகளைப் புத்தகத்தில் உள்ளபடியே விரித்து, பூவில் ஒட்டிப் படமெடுத்தார்கள்.

புகைப்படப் போட்டியில் அந்தப் படத்துக்கே முதல் பரிசு. நடுவர்கள் எழுதினார்கள்: "பூச்சியைத் துளியும் தொந்தரவு செய்யாமல் எடுத்த படம்."