ஃப்ளெக்ஸில் இல்லாத தாய்மாமன்

“ஃப்ளெக்ஸ்ல என் மூஞ்சி இல்லாத வூட்டுக்கு நான் எதுக்குப் போவணும்?”

கோகுலகிருஷ்ணனின் இந்தப் பல்லவி அவன் மனைவி அனுசுயாவுக்குப் புதிதல்ல. ஒன்பது வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே பாட்டுதான். ஆனால் இன்று ஆண்டிமடத்தில் அவன் அக்கா வேணியின் மகள் ஆர்த்திக்குப் பந்தக்கால் நடுகிறார்கள். நாளை மறுநாள் கல்யாணம்.

“தாய்மாமன் நீங்க. நீங்க இல்லாம நடுவாங்களா?”

“அதே ஆர்த்திக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனப்பவும் நான்தான் தாய்மாமன். ஃப்ளெக்ஸ்ல மாமாவோட கூட்டாளிங்க எட்டு பேரு கூலிங் கிளாஸோட நின்னானுவோ. பந்தல் போட்டவன் நின்னான். என்னக் காணும். இத்தனைக்கும் விடியறதுக்கு முன்ன, இருட்டுல ஏணி போட்டு ஏறி அந்த ஃப்ளெக்ஸக் கட்டுனதே நான்தான்.”

நியாயம்தானே. யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அன்று சீர்த்தட்டை வைத்த கையோடு கிளம்பியவன், அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. அவள் பத்திரிகை வைக்க வந்தபோதுகூட, பின்வாசல் வழியாக ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு ஓடிவிட்டான்.

அனுசுயா குரலை உயர்த்தவில்லை.

“நாளைக்கு ஆர்த்தியோட புள்ளைங்களுக்கு நீங்க யாருங்க? தாத்தாவா, இல்ல ஃப்ளெக்ஸ்ல விட்டுப்போன ஆளா?”

அவனுக்குச் சுருக்கென்றது. மீசையில் ஏற்கெனவே நரை தட்டிவிட்டது. கிழவனாகி உட்கார்ந்த பிறகும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஃப்ளெக்ஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் ஆளை நினைத்துப் பார்த்தான். அந்த ஆளை அவனுக்கே பிடிக்கவில்லை.

“சரி, போனது போய்த் தொலையட்டும். கெளம்பு.”

ஆண்டிமடத்தில் அக்கா புருஷன் பூவரசன் மாமா வாசலுக்கே ஓடிவந்து பைக்கைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ‘மாமா’ என்று கையைப் பிடித்த ஆர்த்தி விடவே இல்லை. அவன் கையாலேயே பந்தக்காலை ஊன்றச் சொன்னார்கள். பக்கத்தில் புது ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கிடந்தது.

“நான் கட்டிவுடட்டுமா மாமா?”

“ஐயையோ, நீ ஏணிப் பக்கமே போவாத மச்சான். அதுக்கு ஆள் சொல்லியாச்சு.”

என்ன ஒரு மரியாதை என்று அவனுக்கு மனசு நிறைந்துபோனது.

கை கழுவப் பின்பக்கம் போனான். மாட்டுக்கொட்டகை ஒழுகாமல் இருக்க, கூரை ஓலைக்கு அடியில் ஒரு பழைய ஃப்ளெக்ஸை விரித்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அதே எட்டு பேர், அதே கூலிங் கிளாஸ். ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு மடிப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த எட்டுப் பேரையும்விடப் பெரிதாக, மீசை முறுக்கிய ஒரு முகம். கீழே ‘அன்புத் தாய்மாமன்’.

அவன் முகம்தான்.

மரச்சட்டம் சின்னதாக இருந்ததும், ஃப்ளெக்ஸில் மிஞ்சிய ஓரத்தை இருட்டிலேயே பின்னால் மடித்து இழுத்துக் கட்டியதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. யார் மடித்தது? சாட்சாத் இவனேதான்.

முதுகுக்குப் பின்னால் வேணி காபியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஒனக்கு எப்பக்கா தெரியும்?”

“ஃப்ளெக்ஸ அவுத்த அன்னைக்கே.”

“நான் போனை எடுக்கலன்னா என்ன, ஆள் வுட்டாவது சொல்லியிருக்கலாம்ல?”

அவள் டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போனவன் என்னைக்காச்சும் வந்துடுவ. வெக்கப்பட்டுப் போயிருந்தா நீ வந்திருக்கவே மாட்ட தம்பி.”