பதினோரு சதவீதம்

திரையில் பதினோரு சதவீதத்தில் நின்ற பட்டை அசையவே இல்லை.

ரோடெல் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அர்லீன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், அந்த வணிக வளாகத்தில் அவனுடைய கணினிப் பழுதுக் கடையைத் தவிர மற்ற கடைகளின் ஷட்டர்கள் பத்து மணிக்குத்தான் ஏறும். அவளுக்கு நீதிமன்றமும் பத்து மணிக்குத்தான். நேரில் போக வேண்டாம், திரையில் முகம் காட்டினால் போதும். ஆனால் காட்டியே ஆக வேண்டும். போன முறை புயலில் மின்சாரம் போய் அவளால் சேர முடியவில்லை. இந்த முறையும் முகம் தெரியாவிட்டால் மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்கள்.

டொரண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக அனுமதி வேண்டும். அதுதான் மனு.

காலையில் மடிக்கணினி உயிர்பெறவே இல்லை. அவள் கைபேசியின் கேமரா செத்துப் பல மாதங்கள் ஆகின்றன. இத்தனை சீக்கிரம் திறந்திருக்கும் கடை ஊரில் எது என்று அவளுக்குத் தெரியும். வந்துவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது."

விண்டோஸ் இருந்த பென்டிரைவைப் பிடுங்கி, வேகமான நீல யுஎஸ்பி துளையில் செருகினான். திரும்ப ஆரம்பித்தான். பட்டை ஏறியது. பதினொன்றில் நின்றது.

வேறொரு பென்டிரைவ். அதே பதினொன்று.

இணையத்தில் எதையாவது தேடிக்கொண்டு நிற்கிறதோ என்று வைஃபையைத் துண்டித்தான். மறுபடியும் முதலிலிருந்து.

அர்லீன் எஸ்கலேட்டர் வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள். மேல்சட்டையின் காலரை இழுத்து விட்டுக்கொண்டாள். இருண்டு கிடந்த வேறொரு திரையில் தலைமுடியைச் சரிபார்த்தாள். திரும்பவும் எஸ்கலேட்டர் வரை போனாள்.

"பெரிய மெக்கானிக்னு ஊரெல்லாம் பேச்சு" என்றாள், வந்து நின்று.

"மெஷின் இப்படி இருந்தா மெக்கானிக் என்ன பண்ணுவான்?"

"மெஷின் மேல பழி போடுறது சுலபம்."

அவன் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டான்.

கிட், கிட் என்று உள்ளே ஏதோ தட்டியது. ஹார்ட் டிஸ்க். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் போடும் சத்தம். அவள் மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தபோதே அது அவன் காதில் விழுந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பென்டிரைவை மாற்றினான். பிறகு துளையை மாற்றினான். தான் வேலை செய்கிறோமா, நேரத்தைத் தின்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. சும்மா இருந்தால் போதும். எதையும் செய்ய வேண்டாம். இந்தப் பட்டையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

அர்லீன் இப்போது நடக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, பதினொன்று என்ற அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னா சொல்லிடு. நான் போயிடறேன்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

போனால் எங்கே போவாள்? எல்லாக் கடையும் மூடிக் கிடக்கிறது.

ரோடெல் எழுந்தான். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்தான். வேறொரு வாடிக்கையாளருக்காக வரவழைத்த புது எஸ்எஸ்டி டிஸ்க். உறையைப் பல்லால் கிழித்தான். மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. தேடவில்லை. பழைய டிஸ்க்கை உருவி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பதினொன்று கண் இமைப்பதற்குள் கடந்து போனது.

நாற்பது. எழுபது. அர்லீன் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பட்டை முழுதாய் நிறைந்து, திரை அணைந்து, மறுபடி வெளிச்சமானது. அவன் வைஃபையை மீண்டும் இணைத்தான். நீதிமன்றத்தின் இணைப்பை அவளே தட்டினாள். இரண்டு முறை தப்பாய்த் தட்டினாள்.

மூலைச் சதுரத்தில் அவள் முகம் வந்தது. பின்னால் சுவரில் தொங்கும் பழைய கீபோர்டுகள்.

"ஒலி கேக்குதான்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரோடெல் வெளியே போனான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். ஆளில்லாத நடைபாதையில், எதிர்க்கடையின் மூடிய கதவில் சாய்ந்து நின்றான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு பையிலிருந்து கைபேசியை எடுத்தான்.

உள்ளே மடிக்கணினியில் நீதிமன்ற எழுத்தர் பெயர் வாசிப்பது கேட்டது.

"மனுதாரர் அர்லீன் வில்லருஸ்?"

"இருக்கேன்."

"எதிர்மனுதாரர், குழந்தையின் தந்தை, ரோடெல் வில்லருஸ்?"

அதே விசாரணையில் இணைந்திருந்த கைபேசியை அவன் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். "இருக்கேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மகளைத் தாய் வெளிநாடு அழைத்துச் செல்வதில் அவனுக்கு ஆட்சேபம் உண்டா?

"இருக்கு" என்றான்.

ஒரு நொடி கழித்து, ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து, அவன் சரிசெய்து கொடுத்த மடிக்கணினி அதே சொல்லை அவன் குரலில் சொன்னது.