இஹ்ஸானின் கை போன பக்கம்

இத்தோவின் வலது கட்டைவிரல் விடியும் முன்பே வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆலைப் பேருந்தில் அதை அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தாள்.

பதினான்கு வருடமாக மொராக்கோவின் கெனித்ரா நகரில், இந்த ஆலையில் கார்களுக்கு மின்கம்பிக் கட்டு கோக்கிறாள். ஒவ்வொரு கம்பி முனையையும் 'டக்'கென்று கேட்கும்வரை பிளாஸ்டிக் கூட்டுக்குள் அழுத்த வேண்டும்.

ஷிப்டுக்கு முன்னால் எல்லாரும் திரையைப் பார்த்து நின்றார்கள். ஒவ்வொருவரின் விநாடிக் கணக்கையும் காட்டி, வீண் வேலையைக் களையெடுக்க வைத்த திரை.

இத்தோ, ஒரு கட்டுக்கு ஐம்பத்திரண்டு விநாடி. பிழை இல்லை. அவளுக்கு அடுத்து நிற்கும் இஹ்ஸான், ஐம்பத்தாறு.

லைன் தலைவி வேலை காலியாக இருந்தது. மஞ்சள் சட்டை போட்டு, டேப்லெட்டை ஏந்தி நடக்கிற வேலை. விரலுக்கு ஓய்வு. திரையைக் கேட்டால் இத்தோவுக்குத்தான்.

திரையை யார் கேட்கிறார்கள்? இஞ்சினியர் ஸி அன்வர் ஒரு வாரமாகக் கேமராவை இஹ்ஸானின் தலைக்கு மேல் மாட்டியிருந்தார். இத்தோவின் கையை இத்தனை வருடத்தில் ஒருவரும் படம் பிடித்ததில்லை. நேற்று வந்தவள், பிரெஞ்சு பேசுகிறவள், எல்லாருக்கும் செல்லம். வயிறு எரிந்தது. அவள் நீட்டிய மஸ்மன் ரொட்டியைக்கூட இத்தோ நான்கு நாளாகத் தொடவில்லை.

ஸி அன்வர் படத்தை ஓடவிட்டார். இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறார். இத்தோ பல்லைக் கடித்தாள்.

படம் நின்றது. இஹ்ஸானின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

ஒவ்வொரு கட்டு வந்ததும் அந்தக் கை முதலில் இடது ஓரத்துக்குப் போகிறது. ஏற்கெனவே கோத்த இரண்டு கம்பிகளை அழுத்திவிட்டுத் திரும்புகிறது. நாலு விநாடி வீண் என்றார்.

இடது ஓரம் இத்தோ கோப்பது.

"அது உன் வேலை இல்லியேம்மா. கை ஏன் அங்க போகுது?"

"கெட்ட பழக்கம், ஸி அன்வர். சும்மா இருக்காது."

"வீட்லயும் அடுத்தவ தட்டுலதான் கை வைப்பா போல" என்றாள் பின்னால் ஒருத்தி. சிரித்தார்கள். இஹ்ஸானும் சிரித்தாள். இத்தோ பக்கம் திரும்பவில்லை.

விரல் வலியில் 'டக்' கேட்காமலே எத்தனை நாளாகப் பொத்தானைத் தட்டிக் கட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று இத்தோ எண்ணிப் பார்த்தாள். ரமலானுக்கு முன்பிருந்தே.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இஹ்ஸான். சொல்லாமல் விட்டாளே, அதற்கும் வயிறு எரிந்தது.

ஸி அன்வர் மஞ்சள் சட்டையை இத்தோவிடம் நீட்டினார். முதலில் கைதட்டியது இஹ்ஸான்.

இத்தோ சட்டையை மாட்டிக்கொண்டாள்.

ரமலானுக்கு முன்பிருந்து, ஒவ்வொரு கட்டுக்கும் நாலு விநாடி. இஹ்ஸானுக்கு அவள் தர வேண்டியது அது.