நாலு வெயில்

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இலையில் உப்பில்லாமல் போகட்டும்.

கரியமாணிக்கத்துத் தையலம்மாள் கஞ்சிக் கலயத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் புருஷனின் பெரியப்பா சுப்பராயலு ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். இவள் ஊற்றுகிற கஞ்சியில்தான் உயிர் நின்றது.

கிணறு வற்றி, தோட்டம் முடிந்துவிட்டது. கடைசியாகப் பறித்த கத்தரிக்காயும் கொத்தவரங்காயும் விடியுமுன்பே நறுக்கிக் கூடை கூடையாக வாசலில் இருந்தன. சைகோனுக்குப் போன புருஷனிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதாசி இல்லை. ஐப்பசி மழையில் மூன்று பெண்களுக்கும் சோற்றோடு தொட்டுக்கொள்ள இந்த வத்தலை விட்டால் வேறு கிடையாது.

வத்தலுக்கு நாலு வெயில் வேண்டும். அதற்குள் பெரியவர் போய்விட்டால் பங்காளி சாவு, பதினாறு நாள் தீட்டு. தீட்டு வீட்டில் காய்கிற வத்தல் குப்பைக்குழிக்குத்தான். காய்ந்து பானைக்குள் போய் வாய் கட்டிவிட்டால் அதற்குத் தீட்டு இல்லை.

உள்ளே போனவள் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. வந்தவள் கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், மதகடிப்பட்டுச் சந்தைக்கு வண்டி பூட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பச்சையப்பனிடம் ஒரு மூட்டை உப்பு வாங்கிவரச் சொன்னாள்.

"மூட்டையா? வத்தலுக்கு ரெண்டு படி போதாதா அண்ணி?"

"தோட்டத்துக் காய் பூரா போடுறேன்பா. சீக்கிரம் வா."

முதல் நாள் பெரியவர் பாதிக் கலயம் குடித்தார் என்றாள். இரண்டாம் நாள் முழுக் கலயம். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, ஆள் பேச்சு ஆகாதென்று வைத்தியர் சொன்னதாகத் திருப்பி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மேகம் கட்டியது. சாத்திய கதவில் நெற்றியை வைத்து அவள் அழுதது தெருவுக்கே கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு வெயிலு மாமா. எம் பொண்ணுங்களுக்காகத் தாங்கிக்க மாமா."

கேட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேகம் கலைந்தது. நாலாம் வெயிலும் இறங்கியது. பானைகளுக்கு வாய் கட்டிய கையோடு தையலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். தெருக்காரர்கள் நாங்கள் ஓடிப் போனபோது பெரியவரைக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, தயாராக வைத்திருந்தாள்.

பிரெஞ்சுக்காரன் நகராட்சி ஆபீசான மேரியில் சாவு எழுதுகிற குமாஸ்தா அன்றைய தேதியையே போட்டுக்கொண்டார். தூக்கியவர்கள், இவ்வளவு கஞ்சி குடித்தும் ஆள் சருகாக இருக்கிறாரே என்றார்கள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஊர் அவளைக் கொண்டாடியது.

பதினாறாம் நாள் கருமாதிப் பந்தியில் அந்த வத்தலைத்தான் வறுத்துப் போட்டாள். பக்கத்து இலையில் பச்சையப்பன் ஒரு கொத்தவரையைக் கடித்து மென்றான். பிறகு என்னைப் பார்த்தான். நானும் மெல்லுவதை நிறுத்தியிருந்தேன்.

"இன்னா அண்ணி, இதுல உப்பே இல்லியே."