பின் வரிசையில் அப்பா

"ஐயோ ஸஹ்னா, எங்கப்பா வந்திருக்காரு!"

ஷியாமளா பட்டென்று குனிந்து, முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னே தலையை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஸஹ்னா எட்டிப் பார்த்தாள்.

"எங்க?"

"வாசல் பக்கம். வெள்ளைச் சட்டை, கக்கத்துல பை."

"அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கிறவரா? அது ஒங்க வாப்பாவா? என்னடி, அவரும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் பாக்குறாரு!"

"பின்ன? என்னைக் கையும் களவுமாப் பிடிக்க வேணாமா?"

மாத்தளையில் அந்த மண்டபம் நிரம்பி வழிந்தது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியம் கொடுக்கும் திட்டத்தின் கடைசிச் சுற்று. ஊர் ஊராகத் தனித்தனியே பயிற்சி எடுத்தவர்கள் இன்றைக்குத்தான் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள். மேடையேறித் தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். நடுவர்களுக்குப் பிடித்துப்போனால் மெசின் வாங்கப் பணம் கிடைக்கும்; ஒரு வருடம் கூடவே இருந்து வழியும் காட்டுவார்கள்.

வீட்டில் ஷியாமளா சொல்லியிருந்த கதையே வேறு. ஆசிரியர் பரீட்சைக்கு வகுப்பு என்று சொல்லித்தான் வாரா வாரம் எல்கடுவையிலிருந்து பஸ் ஏறினாள். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அப்பா ரபாயேல் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாவாரம் என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

"அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சரிவராது புள்ள. மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலையாப் பாரு" என்பார்.

"காலையில வழக்கம்போல கலேவெல சித்தப்பா வீட்டுக்குப் போறேன்னுதான் கெளம்புனாரு," என்றாள் ஷியாமளா, மூச்சு வாங்க. "பொய் சொல்லிட்டு எம் பின்னாலயே வந்திருக்காரு பாரேன்!"

"நீ மட்டும் என்ன, மெய்யா சொன்ன?"

"சிரிக்காதடி. பூசைக்குப் போடுற சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. பெரியவங்ககிட்டப் பேசி எம் பேர வெட்டச் சொல்லத்தான்."

அந்த நேரம் பார்த்து மைக் அலறியது.

"அடுத்து, எல்கடுவையைச் சேர்ந்த செல்வி ஷியாமளா!"

"நான் போகல."

"போடி!" ஸஹ்னா அவளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். "ஏச்சு வாங்குறதா இருந்தா வீட்டுக்குப் போய் வாங்கிக்கலாம். இந்த மேடை இன்னொரு நாள் கெடைக்காது."

ஷியாமளா மேடையேறினாள். நிமிர்ந்தபோது, அப்பா தூணை விட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. மகளின் கண் தன்மேல் பட்டதும் லேஞ்சியை எடுத்து அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனது ஆகட்டும் என்று அவள் மைக்கைப் பிடித்தாள்.

"வணக்கம். எங்க ஊர்ல சாதிக்காய் பறிச்சா உள்ள இருக்கிறதைத்தான் விப்பாங்க. மேல உள்ள தடிச்ச தோலை மரத்தடியிலேயே போட்டுருவாங்க. அது அழுகிப் போயிரும். நான் அந்தத் தோல்ல இனிப்பு டொபி செய்றேன்."

தொடக்கத்தில் குரல் உள்ளுக்குள்ளேயே நின்றது. பேசப் பேசத் திறந்துகொண்டது.

"எல்கடுவ பாதையில பஸ்ல வந்தவங்களுக்கு அந்த வளைவெல்லாம் தெரியும். வயித்தைப் பொரட்டும்போது இதுல ஒண்ண வாயில போட்டுக்கிட்டா, வீடு வர்ற வரைக்கும் யன்னல் சீட்டுக்குச் சண்டை போட வேணாம்!"

மண்டபம் சிரித்தது. டொபித் தட்டு நடுவர்களிடம் போனது. கண்ணாடி போட்ட பெண் நடுவர் ஒன்றைச் சுவைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"காய் இல்லாத மாசத்துல தோலுக்கு என்ன செய்வீங்க?"

"கெடைக்கிறப்பவே காயவச்சு எடுத்து வைக்கணும் மேடம். வெயிலை நம்ப முடியாது. அதுக்குத்தான் மெசின் கேக்குறேன்."

"வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா?"

ஷியாமளா கடைசி வரிசையை நேராகப் பார்த்தாள்.

"அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவுக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா விட்டிருக்க மாட்டாரு. ஆனா இப்ப அவரும் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. நான் இதை விட மாட்டேன்."

மண்டபத்தில் எழுந்த கைத்தட்டல் நிற்கவே இல்லை. ஸஹ்னா நாற்காலியின் மேலேயே ஏறி நின்று தட்டினாள்.

கைத்தட்டலுக்கு நடுவே ரபாயேல் எழுந்தார். பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேடையை நோக்கி விறுவிறுவென்று நடந்து வந்தார். படிக்கட்டில் இறங்கி வந்த ஷியாமளா பாதியில் அவருக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"அப்பா, இங்க ஒண்ணும் சொல்லிறாதீங்கப்பா. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும்..."

"கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள," என்றார் ரபாயேல். பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"அடுத்து," என்றது மைக், "வீடு வீடாகக் கொண்டுபோய் மிளகு காயவைக்கும் மெசின் திட்டத்தோடு, கலேவெல பயிற்சிக் குழுவிலிருந்து வந்திருக்கும் திரு. ரபாயேல்!"

அவர் மகளின் காதருகே குனிந்தார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத."