பொத்தானும் விளக்கும்
மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அம்மா இறந்ததிலிருந்து மகள் இருட்டில் பயந்தாலும் அப்பாவான அவனைக் கூப்பிடுவதில்லை. அதனால் அவள் கட்டிலுக்கு ஒரு பொத்தான், தன் தலைமாட்டுக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு என்று, சின்னக் கணினிச் சில்லு பதித்த மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் கம்பிகளைச் செருகுகிறான். கடைசியாக மின்தடை ரெசிஸ்டரை வைத்ததுமே விளக்கு எரிகிறது. “நான் தொடவே இல்லப்பா” என்கிறாள் மகள். “தெரியும்டா. அப்பாதான் பொத்தானக் குறுக்கால செருகிட்டேன், அமுக்காமலே அமுக்கின மாதிரி ஆயிடுச்சு.” “இதுக்குத்தான் காலேஜ் போனியா?” அவன் பொத்தானைப் பிடுங்கித் திருப்பிச் செருகுகிறான். விளக்கு அணைகிறது. பொத்தான் இருக்கும் குட்டிப் பலகையை நீளக் கம்பியோடு தூக்கிக்கொண்டு அவள் அடுத்த அறைக்கு ஓடுகிறாள். கம்பி கதவிடுக்கில் நெளிந்து நிற்கிறது. அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறான். சிவப்பு எரிகிறது. “என்னடா கண்ணு?” “சும்மாதான். இருக்கியான்னு பாத்தேன்.” “இருக்கேன்” என்கிறான். விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது.