முழுசாய் எழும்ப வேண்டியவர்

இயந்திரம் அண்ணனின் வலது கையை மணிக்கட்டுவரை விழுங்கியிருந்தது. இன்னும் பசி அடங்கவில்லை.

கறி அரைக்கும் இயந்திரம் அது. உள்ளே தள்ளிவிட மரக்கட்டை ஒன்று உண்டு. கட்டையால்தான் தள்ள வேண்டும் என்று வேலைக்கு வந்தவனையெல்லாம் திட்டியவர் அண்ணன். உபதேசம் ஊருக்கு, அவசரத்துக்குத் தன் கை.

அவர் போட்ட அலறலில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எலும்பு வெட்டிக்கொண்டிருந்த தம்பியின் கத்தி அந்தரத்தில் நின்றது.

ஒரே கடைதான். அப்பா போன பிறகு நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிக்கொண்டார்கள். பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால், இருவருக்குமே அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும்.

தம்பி முதலில் பாய்ந்தது மெயின் சுவிட்சுக்கு. அது அவன் பக்கத்துச் சுவரில் இருந்தது. அடித்து அணைத்தான்.

அவன் பக்கத்து விளக்கு அணைந்தது. இயந்திரம் ஓடியது.

போன மாதம்தான் அண்ணன் தனி லைன் இழுத்திருந்தார். தம்பி வேண்டுமென்றே கரண்டை நிறுத்திவிடுவானாம். புது சுவிட்சைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு வேறு போட்டிருந்தார். ஒயரை இரும்புக் குழாயில் விட்டுச் சுவருக்குள் பதித்திருந்தார். சந்தேகக்காரன் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

சாவி அவர் கால்சட்டைப் பையில், தொடைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

தம்பி பலகையை உதைத்துப் பிளந்துகொண்டு வந்தான். தோளைப் பிடித்து இழுத்தான். கை வரவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம்தான் வந்தது. அண்ணனின் கன்னம் இரும்பில் போய் மோதியது. முன்பக்கச் சல்லடையிலிருந்து ஆட்டுக்கறி இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு இறங்கியது ஆடு இல்லை.

தம்பி கையிலிருந்த வெட்டுக்கத்தியை உயர்த்தினான்.

அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு வலியையும் மீறி ஒரு பயம் வந்தது.

சபையில் மற்றவர்கள் பாவத்துக்குப் பயப்படுவார்கள். அண்ணன் தேய்மானத்துக்குப் பயப்படுவார். செத்தவர்களை எழுப்பக் கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது இதே உடம்பு, இதே கை கால், ஒரு பழுதில்லாமல் மண்ணிலிருந்து எழும்ப வேண்டும். பிடுங்கிய கடைவாய்ப்பல்லைக்கூடப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார், சவப்பெட்டியில் கூடவே போட. ஆலயப் படி ஏறாத தம்பியைப் பற்றி யாராவது கேட்டால், "அவன் எங்க எழும்பப் போறான்? அவன் மேல மிதிச்சுக்கிட்டுத்தான் நான் எழும்புவேன்" என்பார்.

"வெட்டாதடா பாவி! நான் முழுசா எழும்பணும்டா!"

"மொதல்ல இப்ப எழும்புண்ணே. மத்ததை அன்னிக்குப் பேரம் பேசிக்கலாம்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

அண்ணன் துள்ளினார். இடது கையால் தம்பியின் முகத்தில் குத்தினார். மூக்கு உடைந்து இரத்தம் வாய்க்குள் இறங்கியது. மறுபடி குத்தினார்.

துள்ளுகிற கையில் வெட்டு நேராக விழாது. தம்பி அவரை முழங்காலால் இயந்திரத்தோடு சேர்த்து அழுத்தினான். இடது கையால் அவர் கையை வளைத்து, இயந்திரத்தின் வாயோரத்திலேயே இறுக்கிப் பிடித்தான். பிடிக்க வேறு இடமும் இல்லை.

ஓங்கினான்.

முதல் வெட்டு எலும்பில் நின்றது.

இரண்டாவது நிற்கவில்லை.

இரத்தம் தெறித்துத் தராசுத் தட்டில் விழுந்தது. முள் ஒருமுறை ஆடி நின்றது.

அண்ணன் மல்லாந்து விழுந்தார். இயந்திரம் வாயில் இருந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது.

தம்பி துண்டின் ஒரு நுனியைப் பல்லில் கவ்வி, மறுநுனியை வலது கையால் இழுத்து, மொட்டைக் கையை இறுக்கிக் கட்டினான். இடது கையை ஏப்ரன் பைக்குள் விட்டிருந்தான்.

"அண்ணன் சாகக் கிடக்கிறான், இவன் பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிற மிடுக்கைப் பாரு" என்றார் வாசலில் கூடியிருந்த எதிர்க்கடைக்காரர்.

அண்ணன் பிழைத்தார்.

கண் விழித்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்த முதல் உத்தரவு, இயந்திரத்தைக் கழற்றி உள்ளே இருப்பதை ஒரு இழை விடாமல் எடுத்து வைக்க வேண்டும் என்பது. அவர்கள் சபையில் துண்டுபட்ட உறுப்பையும் ஜெபம் பண்ணித்தான் அடக்கம் செய்வார்கள்.

அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னக் குழி. சின்ன மரப்பெட்டி. ஆடு எது, அண்ணன் எது என்று பிரிக்க எந்தக் கறிக்கடைக்காரனாலும் முடியவில்லை. எல்லாமே பெட்டிக்குள் இருந்தது.

நர்ஸ் தடுத்தும் கேட்காமல் அண்ணன் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். தம்பி கடைசியாக வந்து அவர் பக்கத்தில் நின்றான். இடது கை கால்சட்டைப் பைக்குள்.

போதகர் அண்ணனின் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார்.

"ஜெபத்துலயாவது கைய வெளிய எடுடா" என்று பல்லைக் கடித்தார் அண்ணன்.

அவன் எடுக்கவில்லை. அவரே எட்டிப் பிடித்து இழுத்தார்.

கட்டுப் போட்ட கை. அதில் இரண்டு விரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"பாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க. இவன் பேரையும் சேத்துச் சொல்லுங்க. அன்னிக்கு இவன் வராம, என்னோடது மட்டும் எப்படிப் பிரிஞ்சு வரும்?"

போதகர் சேர்த்துச் சொன்னார்.

பெட்டியைக் குழிக்குள் இறக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.